நீர்வேலியில் பூமணியின் தண்ணீர் முறை

1983 மார்ச் 3, வியாழக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தின் மேல் வானம் பால் வெளுப்பாகக் கிடந்தது. காற்று இல்லை. அந்த நேரத்துக்கே என் சட்டைக் காலர் நனைந்துவிட்டது. திருச்சியிலும் மார்ச்சில் வியர்க்கும், ஆனால் அங்கே வியர்வை காயும். இங்கே எந்தப் பக்கம் போனாலும் கடல் இருப்பதால் காய மறுக்கிறது.

கூட்டுறவுத் துறையில் துணைப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகிறது. சென்னையில் உள்ள ஒரு பயிற்சி நிறுவனம் என்னைத் தேடிப்பிடித்து ஓர் ஆராய்ச்சி வேலையைக் கொடுத்திருந்தது. கூட்டுறவு அமைப்புகளில் பெண் மேலாளர்கள் எப்படி உருவாகிறார்கள், வெவ்வேறு சமூகத்தாரை ஒரே கூரையின் கீழ் எப்படி வேலை வாங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஐந்து இடம், இலங்கையில் ஒன்று. ஐந்தையும் முடித்துவிட்டேன். ஆறாவது நீர்வேலியில் விவசாயிகள் சங்கம் நடத்தும் சிறிய ஆலை. தக்காளியைச் சோஸ் ஆக்குவது, வாழைப்பழத்தை உலர்த்துவது, கறித்தூள் வறுத்து அடைப்பது ஆகியவை அங்கே நடக்கின்றன. முப்பத்தொரு பெண்கள் வேலை செய்கிறார்கள். நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட தாளோடு புறப்பட்டேன். வியாழன், வெள்ளி வேலை. சனிக்கிழமைக் கப்பலில் திரும்பிவிடுவது என்பது திட்டம்.

காலைச் சாப்பாடு விடுதிக்குப் பக்கத்துச் சைவக் கடையில். சிவப்பரிசி இடியப்பம் ஆறு, சொதி, தேங்காய்ச் சம்பல். சாம்பார் கேட்டேன். பரிமாறியவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அது மத்தியானம் கேளுங்கோ, அப்பவும் இராது" என்றார். சொதி நன்றாக இருந்தது. தேங்காய்ப்பால் காய்ச்சிய குழம்பு என்று எண்ணிக் குடித்தால் பிழையில்லை.

தோளில் என் பச்சை நிற பிளாஸ்க் இருந்தது. அறந்தாங்கியில் வேலை பார்த்தபோது மஞ்சள் காமாலை கண்டு இரண்டு மாதம் படுத்திருந்தேன். அதற்குப் பிறகு கொதிக்க வைக்காத தண்ணீர் என் தொண்டையில் இறங்கியதில்லை. விடுதிக்காரரிடம் தினம் காலையில் பத்து நிமிடம் கொதிக்க வைத்து நிரப்பித் தரும்படி சொல்லியிருந்தேன். இங்கே பிளாஸ்க்குக்குச் சுடுதண்ணிப் போத்தல் என்று பெயர்.

கோப்பாய்க்கு அருகில் பஸ் முன்னால் புகை விட்டு நின்றது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"ஐயா, உங்கடை போத்தலிலை தண்ணி இருக்கோ?"

"இருக்கிறது. கொதிக்க வைத்தது."

"எஞ்சினும் கொதிச்சுப்போய்த்தான் நிக்குது. ரெண்டுக்கும் பொருந்தும்."

பஸ் முழுவதும் சிரித்தது. நான் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து வாளியில் கொண்டுவந்து ஊற்றினார்கள். அப்போதும் வண்டி நகரவில்லை. ஓர் இராணுவ ஜீப் கடந்து போனபோது மட்டும் சிரிப்பும் பேச்சும் நின்றன, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன. வாழைக்குலை ஏற்றப் போய்க்கொண்டிருந்த லான்ட்மாஸ்ரர் ஒன்றின் பெட்டியில் என்னை ஏற்றிவிட்டார்கள். அது கையால் பிடித்து ஓட்டும் இரண்டு சக்கர உழவு இயந்திரம், பின்னால் பெட்டி பூட்டியிருந்தார்கள். பல்செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பயணம் செய்தேன். சிவப்பு மண்ணும் வாழையும் மாறி மாறி வந்தன.

ஆலையின் மேலாளர் பெயர் றெஜினா. வயது நாற்பத்து நான்கு. குருநகர்க் கத்தோலிக்க மீனவக் குடும்பம். தினமும் பட்டணத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார். இதே ஆலையில் பதினொரு வருடம் கணக்கெழுதியவர். பழைய மேலாளர் கொழும்புக்குப் போய்விட்டதால் எட்டு மாதமாகத் தற்காலிக மேலாளர்.

"ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம், ஐயா. என்னை நிரந்தரமாக்கிறதோ, திருப்பிக் கணக்கெழுத விடுறதோ எண்டு அண்டைக்குத்தான் முடிவு. என்ரை மனுசனுக்கு நாரி எலும்பு முறிஞ்சு கடலுக்குப் போறதை விட்டு மூண்டு வருசம். ரெண்டு பிள்ளையள் படிக்குதுகள். மனேச்சர் சம்பளத்துக்குத்தான் வீடு பழகிப் போச்சு."

கேள்வித்தாளை எடுத்தேன். தலைமைப் பண்புகளை எங்கே கற்றீர்கள் என்பது ஏழாவது கேள்வி.

"எங்கடை வீட்டிலை ஏழு பொம்பிளையள். ஒரு குசினி, ஒரு அடுப்பு" என்றார்.

"வேறு பயிற்சி?"

"அது காணாதோ?"

வெவ்வேறு சமூகத்தார் சேர்ந்து வேலை செய்வதில் சிக்கல் உண்டா என்பது இருபத்தாறாவது கேள்வி. உண்டு, இல்லை என்று இரண்டு கட்டங்கள். றெஜினா வெளியே ஒருமுறை பார்த்துவிட்டு, "இல்லை எண்டு போடுங்கோ" என்றார். போட்டேன்.

அதன் பிறகு என்னை வேலைக்கூடத்துக்கு அழைத்துப் போனார். நல்ல வெயில் ஏறியிருந்தது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் செம்பில் தண்ணீரோடு வந்து என் முன்னால் நின்றார். பூமணி என்று அறிமுகம் செய்தார் றெஜினா. நான் கையெடுத்துக் கும்பிட்டு, பிளாஸ்க்கைத் தட்டிக் காட்டி, "என்னிடம் இருக்கிறது அம்மா" என்றேன். ஐந்து ஊரிலும் இப்படித்தான் செய்திருக்கிறேன். எங்கும் ஒன்றும் நடந்ததில்லை. இங்கே தக்காளி வெட்டும் சத்தம் நின்றது. யாரோ ஒருத்தி மூக்கால் சிரித்தாள். பூமணி செம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி, "வெளிநாட்டு வயிறு போலை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

அப்போதுதான் சுவரோரத் திண்ணையைக் கவனித்தேன். பெண்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த போத்தல்கள் வரிசையாக நின்றன. எண்ணினேன், பத்தொன்பது. முற்றத்தில் நல்ல கிணறு இருக்கிறது, துலாவும் வாளியும் இருக்கின்றன. இத்தனை பேர் ஏன் தண்ணீர் சுமந்து வருகிறார்கள் என்று கேட்டேன்.

"இந்தக் கிழமை பூமணியின்ரை முறை" என்றார் றெஜினா. கிழமை என்றால் இங்கே வாரம்.

மாலை பஸ் தரிப்பில் நிற்கும்போது மீதியைச் சொன்னார். பழைய மேலாளர் காலத்தில் நல்ல குடும்பம் என்று ஊர் ஒப்புக்கொண்ட ஒரு பெண் மட்டும் கிணற்றில் அள்ளுவாள். மற்றவர்கள் கையேந்திக் குடிக்க வேண்டும். குருநகரிலிருந்து வேலைக்கு வரும் மீனவப் பெண்களுக்கும் அப்படித்தான், பூமணிக்கும் அப்படித்தான். றெஜினா பொறுப்பேற்றதும் கிழமைக்கு ஒருத்தி என்று முறை வைத்துவிட்டார். குருநகர்ப் பெண்களின் முறை வந்தபோது முணுமுணுப்போடு குடித்தார்கள். பூமணியின் தகப்பன் பனை ஏறுபவர். பூமணியின் முறை இப்போதுதான் முதல் தடவை வந்திருக்கிறது, போத்தல்களும் வந்துவிட்டன.

"நீங்கள் முதலே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"வந்த விருந்தாளியிட்டை வாசலிலை வைச்சு என்னெண்டு சொல்லுறது?"

வெள்ளிக்கிழமை. இரவு கொசு; வலைக்குள் நான்கு கொசு, வெளியே கணக்கில்லை. பஸ் ஒழுங்காகப் போனது, ஆனால் நின்றுகொண்டே போனேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஆலைக்குப் போகிறவர்கள் என்று புரிந்தது. நான் பின்னால் நிற்பது அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருத்தி சொன்னாள்: இந்தியாவிலிருந்து பரிசோதிக்க வந்த பெரிய உத்தியோகத்தரே அவள் கையால் வாங்கிக் குடிக்கவில்லை, நான் மட்டும் குடிக்க வேண்டுமாம். மற்றவள் தன் பையைத் திறந்து காட்டினாள். அதற்குள்ளும் ஒரு போத்தல். "எனக்கும் வயிறு சரியில்லை எண்டு சொல்லப்போறன்" என்றாள்.

ஆலைச் சுவரில் அன்று இருபத்தாறு போத்தல்கள் நின்றன.

வாசலில் சங்கத் தலைவர் செல்லையா மாஸ்ரர் காத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, மடித்த சால்வை, மிக நல்ல தமிழ். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நாங்கள் சொன்னால் சாதித் தடிப்பு எண்டுவினம். நீங்கள் ஒண்டும் சொல்லாமலே செய்து காட்டிப்போட்டியள். சுகாதாரம் எண்டு ஒண்டு இருக்கல்லோ. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலை நான் இதைச் சொல்லத்தான் போறன். ஊர் வழக்கம் விளங்காத ஆளிட்டை ஆலையைக் குடுக்கேலாது."

என் வயிற்றைப் பற்றி என் மருத்துவரும் என் மகளும் நிறையப் பேசியிருக்கிறார்கள். அது ஒருவருடைய வேலையைப் பறிக்கும் அளவுக்குப் போகும் என்று எவரும் சொன்னதில்லை.

றெஜினாவின் அறைக்குப் போய், எல்லோர் முன்னிலையிலும் பூமணி கையால் ஒரு செம்பு வாங்கிக் குடிக்கிறேன் என்றேன். காமாலை வந்தால் வரட்டும் என்றும் சொன்னேன்; அதைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னேன்.

அவர் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. "வேண்டாம், ஐயா. நீங்கள் குடிச்சால் அது ஒரு நாள். நாளைக்குக் கப்பல் ஏறிப் போயிடுவியள். பேந்து கிழமைக்கு ஒரு இந்தியனை நான் எங்கை போய்ப் பிடிக்கிறது?"

கேள்வித்தாளை எடுத்துப் பையில் வைக்கப் போனேன்.

"இருபத்தாறாவது கேள்வியிலை இல்லை எண்டு போட்டனான். ஓம் எண்டு மாத்துங்கோ."

மாற்றினேன். அப்போது அவர் நிமிர்ந்து என் தோளில் தொங்கிய பிளாஸ்க்கைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் கொதிக்க வைக்கிறனியள்?"

"பத்து நிமிடம்."

"ஆறினாப் பிறகு குடிக்கலாமோ?"

"மூடி வைத்தால் குடிக்கலாம்."

அதோடு பேச்சு முடிந்துவிட்டது. மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. கத்தோலிக்கருக்குத் தவக்காலம், ஒருசந்தி இருந்தார். சைவப் பெண்களும் வெள்ளிக்கிழமை மரக்கறிதான். அன்று அந்தக் கூடம் முழுவதும் பருப்பு மணம் ஒன்றே இருந்தது. உட்கார்ந்தது மட்டும் மூன்று கும்பலாக.

மாலை மணி அடித்ததும் றெஜினா எல்லாரையும் முற்றத்தில் நிற்கச் சொன்னார்.

"நாளையிலை இருந்து ஆலைக்குள்ளை வெளித் தண்ணி வரக்கூடாது. சாப்பாட்டுச் சாமான் செய்யிற இடம். ஆர் வீட்டுத் தண்ணி கொதிச்சது, ஆர் வீட்டுத் தண்ணி கொதிக்கேல்லை எண்டு எனக்குத் தெரியாது. போத்தல் எல்லாம் படலைக்கு வெளியிலை. எங்கடை கிணத்துத் தண்ணி பத்து நிமிசம் கொதிச்சு, ஆறி, மூடிக்கிடக்கும். முறைக்காரி கொதிக்க வைப்பா."

கூட்டத்தின் முன்வரிசையில் நின்ற கனகம் கேட்டார். நீர்வேலியிலேயே பிறந்து வளர்ந்தவர், ஐம்பது தாண்டியவர், தரம் பிரிக்கும் பகுதிக்கு அவர்தான் தலைவி. "அப்ப இவ்வளவு நாளும் கொதிக்காமல் குடிச்சது?"

"பிழைதான், கனகமக்கா. இந்தியாவிலை இருந்து ஐயா வந்துதான் எனக்குப் புத்தி வந்தது."

முப்பத்தொரு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு நாளில் என் பிளாஸ்க் இரண்டு கட்சிக்கும் வேலை செய்துவிட்டது.

அன்று மாலையே சனிக்கிழமைக் கப்பல் வேண்டாம் என்று முடிவு செய்தேன். அடுத்தது செவ்வாய்க்கிழமைதான். ஆராய்ச்சிக்கு இது தேவை என்று எனக்குத் தோன்றியது. நிறுவனத்துக்கும் அப்படித் தோன்றும் என்று நம்பினேன். சர்க்கரை மாத்திரை செவ்வாய் வரை வருமா என்று பார்த்தேன்; ஒன்று குறைந்தது.

சனிக்கிழமை அரை நாள் வேலை. வாசல் கதவான படலைக்கு வெளியே மதிலின் மேல் போத்தல்கள் வெயிலில் நின்றன. உள்ளே தக்காளிச் சோஸ் காய்ச்சும் கிடாரத்தில் பூமணி விடியற்காலையே தண்ணீர் கொதிக்க வைத்து நான்கு மண்பானைகளில் ஆறவிட்டிருந்தார். றெஜினா என் பிளாஸ்க்கை வாங்கி, விடுதித் தண்ணீரை வாழைக்கு ஊற்றிவிட்டு, பூமணியிடம் கொடுத்தார். கிடாரத்தில் மிச்சம் இருந்த சுடுதண்ணீரை அதில் நிரப்பினார் பூமணி.

"தள்ளி நில்லுங்கோ ஐயா, சுடுதண்ணி. உங்களைச் சுட்டுப்போட்டால் இந்தியாவுக்கு ஆர் மறுமொழி சொல்லுறது?"

"தண்ணீர் பத்து நிமிடம் கொதித்ததா அம்மா?"

"இருபது. உங்கடை பேர் சொல்லிப் பத்து, என்ரை பேர் சொல்லிப் பத்து."

மூடியில் ஊற்றிக் குடித்தேன். கொஞ்சம் கரித்தது, சுண்ணாம்புப் பாறை நிலத்துத் தண்ணீர். வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

முதல் இரண்டு நாளும் தக்காளிதான் நடந்தது. அன்று காலை றெஜினா கறித்தூள் வறுக்கச் சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்தில் செத்தல் மிளகாயையும் மல்லியையும் நன்றாகக் கறுக்க வறுத்துத்தான் இடிக்கிறார்கள். ஒன்பது மணிக்குக் கூடம் முழுவதும் புகை. என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஒவ்வொருத்தியும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தும்மினாள், இருமினாள். படலை எழுபது அடி தூரம்; மணி அடிக்காமல் அதைத் தாண்ட முடியாது.

பத்தேகாலுக்கு முதலில் போனது பஸ்ஸில் எனக்கு முன்னால் நின்ற பெண்களில் ஒருத்தி. வயிறு சரியில்லை என்று சொல்லப்போகிறேன் என்றவள். பானைக்குப் பக்கத்தில் போய் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டாள். பூமணி ஒன்றும் கேட்காமல் ஊற்றினார். குடித்துவிட்டு, "கொதிச்ச தண்ணி எண்டபடியால்" என்று யாரிடமோ சொன்னாள்.

"ஓம் ஓம், கொதிச்சதுதான். என்னையும் சேர்த்துக் கொதிச்சதெல்லோ" என்றார் பூமணி.

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அதன் பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். பன்னிரண்டரை மணிக்கு இருபத்திரண்டு பேர் குடித்திருந்தார்கள். ஒன்பது பேர் குடிக்கவில்லை. கனகம் இருமி இருமிக் கண் சிவந்து, தரம் பிரிக்கும் பலகையை விட்டு அசையவே இல்லை. மணி அடித்ததும் படலையைத் தாண்டிப் போய்த் தன் போத்தலை ஒரே மூச்சில் காலி செய்தார்.

றெஜினாவிடம் கேட்டேன்: "இன்றைக்கு ஏன் கறித்தூள்?"

"ஓடர் வந்தது, ஐயா."

எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. தலைமைப் பயிற்சிப் பாடங்களில் இதற்கு ஒரு அத்தியாயம் இருக்க வேண்டும். நான் படித்த எதிலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று மணிக்குப் பொதுக்கூட்டம். றெஜினா காலையில் பூசைக்குப் போய்விட்டு அதே வெள்ளைச் சேலையில் வந்திருந்தார். தக்காளியும் வாழையும் கொடுக்கும் விவசாயிகள், பங்கு வாங்கிய வேலைப் பெண்கள் என்று நூற்றுப் பதினெட்டுப் பேர். எல்லோருக்கும் பால் இல்லாத தேநீரும் ஒரு துண்டுப் பனங்கட்டியும் வந்தன. கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீரை உறிஞ்ச வேண்டும். எனக்குச் சர்க்கரை வியாதி என்றேன். "கட்டியைக் கையிலை வைச்சுக்கொண்டு குடியுங்கோ, இனிக்கும்" என்றார் பக்கத்தில் இருந்த முதியவர்.

செல்லையா மாஸ்ரர் எழுந்தார். விறகுச் செலவு, வேலை நேரம், ஊர்ப் பெண்களின் மனக்குறை என்று முறையாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் என்னைக் காட்டினார். "வெளிநாட்டிலை இருந்து வந்த ஐயாவே முதல் நாள் அந்தத் தண்ணியைக் குடிக்கேல்லை. ஏன் எண்டு அவரையே கேளுங்கோ."

எழுந்து நின்றேன். "யார் கொடுத்திருந்தாலும் குடித்திருக்க மாட்டேன். வீட்டில் என் மகள் கொடுத்தால்கூடக் கொதிக்க வைத்ததா என்று கேட்பேன். நேற்றுக் கொதிக்க வைத்தார்கள், குடித்தேன். ஒரு பிளாஸ்க் முழுவதும்."

"மகள் பாவம்" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் கனகம் எழுந்துவிட்டார்.

"மாஸ்ரர், என்ரை பேரைச் சொல்லாமல் என்னைத்தான் சொல்லுறியள். நான் குடிக்கேல்லைத்தான். இனியும் குடிக்கமாட்டன். அது என்ரை பாடு, அதுக்கு நீங்கள் வழக்குப் பேசத் தேவையில்லை. உவ றெஜினா வந்த பிறகு பத்தாந் திகதி தவறாமல் சம்பளம் வருது. முந்தி இருந்தவர் சோஸ் போத்தல் உடைஞ்சால் எங்கடை கூலியிலை பிடிச்சவர், உவ பிடிக்கிறேல்லை. என்னோடை கோவமெண்டால் முகத்துக்கு நேரை கதைக்கிறா. மனேச்சர் உவதான்."

உட்கார்ந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மாஸ்ரர் கனகத்தை நம்பித்தான் கூட்டத்துக்கு வந்திருந்தார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. வாக்கைக் கையுயர்த்தி எடுத்தார்கள். நானும் எண்ணினேன். நிரந்தரமாக்க அறுபத்தொன்பது, வேண்டாம் என்று நாற்பது, மற்றவர்கள் கையைத் தூக்கவில்லை. மாஸ்ரர் முடிவைத் தானே வாசித்து, றெஜினாவுக்குக் கைகூப்பினார். றெஜினா நன்றி சொல்லவில்லை. திங்கட்கிழமை தக்காளி எத்தனை மணிக்கு வரும் என்று விவசாயிகளிடம் கேட்டார்.

திங்கட்கிழமை விடைபெறப் போனேன். பூமணியின் கிழமை முடிந்துவிட்டது. முறைப்படி அடுத்த பெயர் கனகம். அவர் துலாவை இழுத்துத் தண்ணீர் அள்ளி, கிடாரத்தில் கொதிக்க வைத்து, பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தக்காளிக் கறையோடு பூமணி வந்து நின்றார். கனகம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் செம்பு நிறைய ஊற்றினார். பூமணி நின்று நிதானமாகக் குடித்துவிட்டு, இன்னொரு செம்பு கேட்டு அதையும் குடித்தார்.

என்னைக் கடந்து போகும்போது, நான் ஒன்றும் கேட்காமலே சொன்னார்: "நான் ஊத்தினதை அவ குடிக்கேல்லை. அவ ஊத்தினதை நான் குடிச்சிட்டன். இந்த வெயிலுக்கை ஆருக்கு நட்டம் எண்டு எழுதுங்கோ, ஐயா."

எழுதினேன். முழுதாக ஏழு பக்கம். குடிநீர் ஏற்பாடு தலைமைப் பண்பு ஆராய்ச்சியில் அடங்காது என்று நிறுவனம் அந்த ஏழு பக்கத்தையும் எடுத்துவிட்டது. இருபத்தாறாவது கேள்விக்கு உண்டு என்ற கட்டம் மட்டும் அறிக்கையில் தங்கியது. ஏழு பக்கமும் போனதால் அதற்காக நான் தங்கிய மூன்று நாளும் அனுமதியில்லாத நாளாகிவிட்டது. அறை வாடகை, சாப்பாடு, மாற்றிய கப்பல் சீட்டு, குறைந்த ஒரு மாத்திரை எல்லாம் சேர்த்து என் கையிலிருந்து போனது இந்திய ரூபாய் இருநூற்றுப் பதினான்கு, பைசா அறுபது.